பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு நன்றி

வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் சேர்ந்த புதிதில் வங்கியில் கணக்கு திறக்கப் போனேன். முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டு ஓனரோ, வங்கிக் கணக்கு இருந்தால்தான் ஒப்பந்தம் என்றார். கணக்கு இல்லாமல் மாத உதவித்தொகையும் வராது. புது ஊரில் வேலைக்குச் சேரும் நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள். வழி சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நான் போனில் அம்மாவிடம் புலம்பியது வரிசையில் பின்னால் நின்ற உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். "தம்பி, கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்குங்க. தங்கியிருக்கிற முகவரி, சேர்ந்த தேதி, உதவித்தொகை எல்லாம் அதுல இருக்கட்டும். கையெழுத்தோட சீலும் முக்கியம்" என்றீர்கள். சொன்னதோடு விடாமல், என் விண்ணப்பத்தின் பின்பக்கம் பென்சிலால் அந்தக் கடிதத்தின் மாதிரியையே எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் முறை வந்தபோதுகூட அடுத்தவரை முன்னால் போகச் சொன்னீர்கள்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னீர்கள்: அறையில் பெட்டியை வைப்பதற்கு முன்பே சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட வேண்டும், முன்பணம் திரும்பக் கிடைக்க அதுதான் சாட்சி. அதையும் அப்படியே செய்தேன்.

கம்பெனியின் எச்ஆர் (பணியாளர் பிரிவு) கொடுத்த கடிதத்தை வங்கி ஏற்றுக்கொண்டது. கணக்கும் திறந்தாயிற்று, ஒப்பந்தமும் கையில் இருக்கிறது. ரொம்ப நன்றி அக்கா.