குளச்சலோடு கதை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவிதாங்கூரின் படை, அரசியல் வரலாறு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1741 ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் குளச்சலில் தோற்றதை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் பிற்கால வாழ்க்கை ஒரே வரியில் முடிந்துபோனது வருத்தம்.

எதிரியின் தளபதியைக் கொண்டே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்குத் தோன்றியதே, அதுதான் குளச்சலின் பெரிய வெற்றி என்பேன். டிலனாய் இங்கேயே தங்கி, 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) ஆகி, 1777-ல் உதயகிரிக் கோட்டையில் இறந்தார். 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலைத் தாங்கி நின்ற, திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டை அவர் கட்டியதுதான். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள், கூரை இல்லாமல் நிற்கும் சிறிய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீன் எழுத்து, கூடவே தமிழ் எழுத்து. மனைவிக்கும், களக்காட்டுச் சண்டையில் மாண்ட மகனுக்கும் அங்கேயே கல்லறை. தக்கலைப் பக்கம் வருகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்கேயும் ஒரு எட்டு வந்து போகலாம்.

தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809-ல் குண்டறையில் பிரகடனம் வெளியிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்ததையும் கட்டுரை சொல்கிறது. சரி. அப்புறம் 1947-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் தனிநாடு கேட்டதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முக்கியமான கட்டமே அதன் பிறகுதான்.

1954 ஆகஸ்ட் 11 அன்று, எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டுப் போராடியவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஆட்சியில் இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. அதே கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே, சொந்தக் கட்சி அரசு என்றும் பாராமல், மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். கட்சியே அதில் உடைந்தது. இந்திய அரசியலில் இப்படி எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? இதற்கு இரண்டு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா?

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. இணைப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணி பெயர் எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் குண்டடி பட்டவர்கள், சிறை போனவர்கள் பெயரை இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் விழிக்கிறார்கள். அன்று இளைஞர்களாக இருந்தவர்களில் ஒரு சிலரே இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்களுக்கும் தொண்ணூறு வயதாகியிருக்கும். தங்கள் நிருபர் ஒருவரை விளவங்கோடு, கல்குளம் பக்கம் அனுப்பி, அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியாகவே வெளியிடுங்கள். அடுத்த ஆகஸ்ட் 11-க்குள் முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர்,
தக்கலை