மூன்று கொம்புத் தலையை விற்கவா, கொடுக்கவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்று பத்திரிகைகளில் எதைப் படித்தாலும் துப்பாக்கிச் சண்டை, அடிமையாவது, கண் கெடுவது, இவ்வளவுதான் இருக்கிறது. அதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விளையாடுகிற ஒருத்தி என் வீட்டிலும் இருக்கிறாள். ஆனால் மூன்று வாரமாக அவள் தேடியது ஒரு மண்டையோட்டை. டிரைசெராடாப்ஸ் என்கிற மூன்று கொம்பு டைனோசரின் மண்டையோடு.

நின்டெண்டோ 2020 மார்ச்சில் வெளியிட்ட 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' விளையாட்டைத்தான் சொல்கிறேன். ஒரு தீவு, பேசுகிற விலங்குகள், அடிதடி கிடையாது. தரையில் நட்சத்திரம் போல வெடிப்பு தெரிகிற இடத்தில் தோண்டினால் புதைபடிவம் வரும், ஆனால் அது என்னவென்று தெரியாது, அருங்காட்சியகத்தில் பகலில் தூங்கி வழிகிற பிளாதர்ஸ் என்ற ஆந்தையை எழுப்பிக் காட்டினால்தான் தெரியும். மொத்தம் 73 வகை. டிரைசெராடாப்ஸ் தலை, உடல், வால் என்று மூன்று துண்டாக வருகிறது. மகளுக்கு வாலே மூன்று தடவை வந்தது, தலை வரவில்லை. "முண்டமா நிக்குதுப்பா" என்று தினமும் புலம்பல்.

ஒருநாள் தலையும் கிடைத்தது. கடையில் போட்டால் 5,500 பெல்ஸ், அதுதான் அந்தத் தீவின் காசு. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் ஒரு பைசா வராது, விளையாட்டில் வீட்டுக்கடன் வேறு பாக்கி. நானாக இருந்தால் கடனைத்தான் அடைத்திருப்பேன். அவள் யோசிக்கவே இல்லை, நேராக ஆந்தையிடம் போனாள்.

நிஜத்திலும் இதே கேள்விதான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2014-இல் கிடைத்த 'பிக் ஜான்' என்ற டிரைசெராடாப்ஸ் எலும்புக்கூடு, 2021-இல் பாரிஸ் ஏலத்தில் 66 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. வாங்கியவர் தனிநபர். பின்னால் அது புளோரிடாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வந்தது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது வாங்கியவரின் மனசைப் பொறுத்தது, இல்லையா?

விளையாட்டில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்த ஆந்தை தப்பே செய்யாது, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடும். நிஜத்தில் 1887-இல் கொலராடோவின் டென்வர் பக்கம் கிடைத்த கொம்புகளைப் பார்த்த ஓத்னியல் மார்ஷ், பெரிய விஞ்ஞானிதான், ஏதோ காட்டெருமை என்று நினைத்து 'பைசன்' என்றே பெயர் வைத்தார். அப்புறம் வயோமிங்கிலிருந்து வேறொரு மண்டையோடு கைக்கு வந்து, 1889-இல் டிரைசெராடாப்ஸ் என்று பெயர் வைத்து, ஒருவழியாகத் தன் தவறை உணர்ந்தார். இரண்டாவது மண்டையோடு யாராவது ஒரு பணக்காரரின் வரவேற்பறைக்குப் போயிருந்தால் அந்தக் கொம்புகள் இன்னும் எத்தனை நாள் எருமைக் கொம்பாகவே இருந்திருக்குமோ! ஆந்தையும் எப்போதாவது தப்பாகச் சொல்லி, வேறொரு துண்டு கிடைத்த பிறகு திருத்திக்கொண்டால் விளையாட்டு இன்னும் ருசிக்கும்.

அடுத்த முறை வீடியோ கேம் பற்றி எழுதும்போது இதையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

மகள் அப்படி ஒன்றும் மகாத்மா இல்லை. கொடுத்தது போக மீதி இருந்த இரண்டு வாலையும் தலா 4,500 பெல்ஸுக்குக் கடையில் தள்ளிவிட்டாள். கடன் இன்னும் பாக்கி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்