புயலில் பழுதான எச்சரிக்கை சைரன்களைச் சீரமைக்க வேண்டி ஒரு திறந்த மடல்

பேரிடர் மேலாண்மைப் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம். புயலில் எந்தெந்தக் கம்பங்கள் சாய்ந்தன, எந்தெந்தச் சைரன்கள் ஊமையாயின என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சேதப் பட்டியல் எடுத்தவர்கள் தங்கள் துறையினரே. அண்மையில் ஓர் இரவு மீண்டும் சூறைக்காற்று வீசியபோது அவற்றில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம். அடுத்த புயல் பருவம் தொடங்குமுன் பழுதான சைரன்களைச் சரிசெய்யுங்கள். சரிசெய்ய இயலாதவற்றை அகற்றிவிட்டுப் புதியவற்றை நிறுவுங்கள்.

கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருமே என்று தங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் அதே புயல்தான் கைபேசிக் கோபுரங்களையும் முடக்குகிறது. பனிப்போர் முடிந்தபின் தேவையில்லை என்று பெரும்பாலான சைரன்களைக் கழற்றிவிட்ட ஜெர்மனியில், 2021 ஜூலை வெள்ளத்தின்போது ஆர் (Ahr) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்போது அந்நாட்டு அரசே சைரன்களை மீண்டும் அமைக்க நிதி ஒதுக்கியிருக்கிறது.

இங்கே மழை வலுக்கும் இரவுகளில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து விழித்திருக்கிறோம். எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவரிடம் கைபேசி இல்லை. ஆபத்தென்றால் வந்து கதவைத் தட்டுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். காற்றின் இரைச்சலில் தட்டுவது காதில் விழாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் படுப்பதே இல்லை. நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். சைரன் வேலை செய்த காலத்தில் அவர் நிம்மதியாக உறங்கினார். அவருடைய உறக்கத்தைப் பறித்தது புயல் மட்டுமன்று, அதற்குப் பின் நீண்டுகொண்டே போகும் தாமதமும்தான்.

பக்கத்துப் பகுதிச் சைரன் இங்கும் கேட்கும் என்பதும் சரியான சமாதானம் ஆகாது. தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 10 டெசிபல் குறையும் என்பதே சைரன்களை நிறுவுவோர் கொள்ளும் பொதுக் கணக்கு. அதன்படி 30 மீட்டரில் 120 டெசிபலாக இருப்பது ஒரு கிலோமீட்டரை நெருங்கும்போது 70 ஆகிவிடும். புயலின் இரைச்சலில் அது யார் காதுக்கு எட்டும்?

சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி வைப்பது மட்டும் சீரமைப்பு ஆகாது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நீர் புகுந்திருக்கிறதா, மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்குமா, கட்டுப்பாட்டு அறையின் சமிக்ஞையை ஆண்டெனா பெறுகிறதா என்று பார்த்து, இறுதியில் முழு ஒலியில் இயக்கிக் காட்ட வேண்டும். புதிய கருவிகளைத் திறந்து வைக்க விழா எடுக்கும் நிர்வாகங்கள், அவற்றைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதில் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்பது எங்களுக்குப் புரியவில்லை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: பழுதான சைரன்களைச் சரிசெய்யுங்கள், இயலாதவற்றை மாற்றுங்கள். எந்தச் சைரன் எந்த நாளுக்குள் இயங்கும் என்பதை எழுத்துமூலம் அறிவியுங்கள். அதுவரை, எச்சரிக்கை விடுக்கப்படும் இரவுகளில் ஒலிபெருக்கி பொருத்திய வாகனம் ஒன்றையாவது எங்கள் தெருக்களுக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பகுதிவாழ் மக்கள் சார்பாக ஒருவர்