மாத்திரை கடைசிப் புகலிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் உடல்நலப் பகுதியில் மனச்சோர்வு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'மனம்விட்டுப் பேச ஒருவர் கிடைத்தாலே பாதி நோய் போய்விடும். மாத்திரை கடைசிப் புகலிடமாக இருக்கட்டும்' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். அந்த நல்லெண்ணத்துக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை பெரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி முடித்த சமயம் என் தம்பி படுக்கையை விட்டு எழாமல் கிடந்தான். மாத்திரை வேண்டாம், பேசினால் சரியாகும் என்று உங்கள் கட்டுரையாளரைப் போலவே எல்லோரும் சொன்னார்கள். ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினோம். அன்பானவர். மாதக்கணக்கில் அவன் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் இதற்கு முன் எப்போதாவது தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், அளவுகடந்த உற்சாகத்தோடு இருந்ததுண்டா என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்றும் விசாரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் தம்பி எழுந்துகொண்டான். இரவெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு தொழில் திட்டங்களை எழுதினான். நோட்டுகள் தீர்ந்ததும் காலண்டர் தாள்களின் பின்பக்கம், அதுவும் தீர்ந்ததும் சுவர். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவினான். ஆலோசகரிடம் சொன்னபோது, நல்ல முன்னேற்றம் என்றார். ஊரெல்லாம் கடன் வாங்கி, தடுக்க வந்த அப்பாவைப் பிடித்துத் தள்ளி, கடைசியில் மருத்துவமனையில் சேர்த்த பிறகே அது இருமுனைக் கோளாறு என்று எங்களுக்குத் தெரிந்தது.

இந்த நோயில் சோர்வும், மிகையெழுச்சி எனப்படும் அளவுகடந்த உற்சாக நிலையும் மாறி மாறி வரும் என்பது தாங்கள் அறிந்ததுதான். சோர்வை மட்டும் பார்த்து, மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் அதுவே மிகையெழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். ஆகவே எது என்ன நோய் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு மருத்துவர் வேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த லித்தியம் என்ற மருந்துதான் இன்று என் தம்பியை நிலையாக வைத்திருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதித்துக்கொள்கிறான், வேலைக்குப் போகிறான். இதையா கடைசிப் புகலிடம் என்கிறீர்கள்?

நான் மாத்திரைக்காக வாதாட வரவில்லை. தம்பியோடு அலைந்த நாட்களில் எனக்கே பதற்றத் தாக்குதல்கள் வரத் தொடங்கின. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், உயிர் போகிறது என்றே தோன்றும். மனநல மருத்துவர் இதயத்தையும் தைராய்டையும் சோதித்துவிட்டு, உங்களுக்கு இப்போது மாத்திரை தேவையில்லை என்று ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் என்னை வேகமாக மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, உட்காரவைத்து, எதுவும் செய்யாமல் அது தானாக அடங்குவதைக் கவனிக்கச் சொன்னார். முதல் தடவை அழுதுவிட்டேன். திரும்பத் திரும்பச் செய்ததில் அந்தப் பயம் பிடியை விட்டது. பேச்சு சிகிச்சை என்பது ஆறுதல் சொல்வது அல்ல. அது பயிற்சி பெற்றவர் முறையாகச் செய்யும் சிகிச்சை. வேண்டாத எண்ணங்கள் விடாமல் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தரும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் பல மனச்சோர்வுகளுக்கும் அதற்கு உறுதியான பலன் உண்டு. கடுமையான மனச்சோர்வில் மருந்தும் பேச்சும் சேர்ந்தே கொடுக்கப்படுகின்றன. இவற்றைப் போட்டியாளர்களாக நிறுத்துவது ஏன்?

இந்த வருத்தம் இன்று தொடங்கியதல்ல. தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்று எழுதிய பெண்ணுக்குத் தங்கள் கேள்வி-பதில் பகுதி, நல்ல புத்தகங்கள் படியுங்கள் என்று பதில் சொன்னதே, நினைவிருக்கிறதா? அவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். நகைச்சுவைப் பக்கத்தில் மனநல மருத்துவமனையை வைத்து இன்னும் துணுக்குகள் வருகின்றன. தொடர்கதையில் கொலை செய்பவர் தவறாமல் மனநோயாளியாக இருக்கிறார். இத்தனையையும் படித்து வளர்ந்தவர், மருத்துவரிடம் போகலாம் என்றால் 'நான் என்ன பைத்தியமா?' என்று கேட்கத்தானே செய்வார்?

மருத்துவர்கள் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதி நீட்டியவரையும் பார்த்திருக்கிறோம். மனச்சோர்வு மாத்திரை முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், நடுவில் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. அது சொல்லப்படாததால்தான் பத்தே நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். பழக்கமாகிவிடும் என்ற அச்சம் சில தூக்க மாத்திரைகளுக்கும் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளுக்கும் பொருந்தும். எல்லா மனநல மருந்துக்கும் பொருந்தாது. இதையாவது தங்கள் கட்டுரை விளக்கியிருக்கலாம்.

நான் கேட்பது ஒரு சிறிய பெட்டிச் செய்தி. தற்கொலை எண்ணம், யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, தூக்கமே தேவைப்படாத மிகையெழுச்சி, உணவையும் குளியலையும் கைவிடும் அளவுக்குச் சோர்வு ஆகியவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். ஆலோசகரிடம் போகிறவர்கள் அவருடைய படிப்பையும் பயிற்சியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடவும். தம்பி வேலை பார்க்கும் இடத்தில் அவன் நோயைப் பற்றி யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி