ஃபிளஷ் வட்டு வரைக்கும் போகிறதா? எழுத்தில் சொல்லுங்கள்

மெய்நிகர் கணினிகளை மாத வாடகைக்கு விடும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரிடமிருந்து சென்ற வாரம் எனக்கு ஒரு பதில் வந்தது. "உங்கள் கோப்பமைப்பு சேதமடைந்துள்ளது. இது கெஸ்ட் இயங்குதளத்தின் பிரச்சினை. எஃப்எஸ்சிகே ஓட்டிப் பார்க்கவும்." கெஸ்ட் என்பது நாங்கள் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி, எஃப்எஸ்சிகே என்பது கோப்பமைப்பைச் சரிபார்த்துச் செப்பனிடும் நிரல். மூன்று நாள் காத்திருந்து கிடைத்தது அவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. உங்களில் யார் அப்படிச் செய்கிறீர்கள், யார் செய்வதில்லை என்று வெளியில் இருந்து பார்க்கும் எனக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால்தான் இந்த மடலை எல்லாருக்கும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். காலை ஐந்தரைக்குப் பால் ஊற்ற ஆரம்பிப்பார்கள். அளந்து, மாதிரி எடுத்து மெஷினில் விட்டதும் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) மூன்றும் வாடகைக் கணினியில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் போகும். பதிவு ஏறிவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் இங்கே சீட்டு அச்சாகும். பதிவில் இல்லாத சீட்டு ஒருவர் கைக்கும் போகக் கூடாது என்றுதான் அப்படி அமைத்தேன்.

அந்தப் பதில் வருவதற்குச் சில நாள் முன்பு, காலை 6:50 மணிக்கு அந்த நிறுவனத்தின் ஹோஸ்ட் கணினி (எங்கள் மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மைக் கணினி) மின்சாரம் இல்லாமல் நின்றது. ஒன்பது மணிக்கு மேல் திரும்ப வந்தது. கெஸ்ட் எழுந்ததும் கோப்பமைப்பில் பிழை என்று சொல்லி, படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போய்விட்டது. எஃப்எஸ்சிகே ஓட்டினேன் ஐயா, உங்கள் பதில் வருவதற்கு மூன்று நாள் முன்பே ஓட்டினேன். 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் பெயரில்லாத கோப்புகள் குவிந்தன. போஸ்ட்கிரெஸ்ஸோ எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று காட்டும் சரியான செக்பாயின்ட் பதிவு கிடைக்கவில்லை என்று சொல்லி எழ மறுத்துவிட்டது. கடைசியில் இரவு இரண்டு மணி பேக்கப்பைத்தான் ஏற்ற முடிந்தது. அன்று காலையில் ஊற்றிய 84 பேரின் கணக்கு அதில் இல்லை.

சீட்டுகளை வாங்கிவரச் சொல்லி ஊரில் ஆள் அனுப்பினோம். சூட்டில் அச்சாகிற தாள் அது. இடுப்பில் செருகி, வேர்வையில் நனைந்து, பாதி எழுத்து மங்கியிருந்தது. 11 பேரிடம் சீட்டே இல்லை. அவர்களில் ஓர் அம்மாவுக்கு இரண்டு மாடு, வேறு வருமானம் கிடையாது. "எனக்கு 4.6 வந்துச்சு தம்பி, மெஷின்ல நானே பார்த்தேன்" என்றார், கொழுப்பு அளவைச் சொல்லி. செயலரால் என்ன செய்ய முடியும்? அவருடைய முந்தைய பத்து நாள் சராசரியைப் பார்த்து 4.1 என்று போட்டார். பணத்தில் சில ரூபாய்தான் வித்தியாசம். அந்த அம்மா பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பொய் சொன்னது யார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் நேர்மையாகவே சொன்னார்: "சார், அந்த நோட்ல எல்லா டிஸ்க்கும் கேஷ் அன்சேஃப்ல இருக்கு. வேகத்துக்காக அப்படி வெச்சிருக்கோம்." நோட் என்றது அந்த ஹோஸ்ட் கணினியை. அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். முடிவு எடுத்தவர் அவர் இல்லை.

இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவு முடிந்தது என்று சொல்வதற்கு முன், தரவை வட்டில் நிலைநிறுத்தச் சொல்லும் எஃப்-சிங்க்கை அழைக்கிறது. கெஸ்டின் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், அந்தத் தரவை அனுப்பிவிட்டு, கூடவே 'இதை வட்டில் நிலையாக எழுது' என்கிற ஃபிளஷ் கட்டளையும் அனுப்புகிறது. விர்ட்டயோ என்கிற மெய்நிகர் வட்டு இணைப்பு வழியாக அது உங்கள் ஹோஸ்டுக்கு வருகிறது. ஹோஸ்ட் அதை உண்மையான வட்டு வரைக்கும் கொண்டுபோய், வட்டு 'ஆயிற்று' என்ற பிறகே தானும் 'ஆயிற்று' என்று சொல்ல வேண்டும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஎமு மென்பொருளில் 'அன்சேஃப்' என்று வைத்தால் ஃபிளஷ் எங்கேயும் போவதில்லை, ஆனால் பதில் மட்டும் உடனே வந்துவிடும். தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற தரவுக்காக, இயங்குதளத்தை நிறுவிப் பார்ப்பது போன்ற வேலைகளுக்காக உள்ள வசதி அது. அதில் 84 வீட்டுப் பால் கணக்கை வைத்திருந்தீர்கள், எங்களுக்குச் சொல்லாமல்.

எங்கள் கோப்பமைப்பான இஎக்ஸ்டி4-இன் ஜர்னலும் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம்) நம்பியிருப்பது அதே ஃபிளஷைத்தான். முதலில் ஜர்னலில் எழுது, அது வட்டில் நின்ற பிறகு உரிய இடத்தில் எழுது என்ற வரிசைதான் அதன் உயிர். ஃபிளஷை விழுங்கிவிட்டால் வரிசை கலைகிறது, பிறகு ஜர்னல் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதைக் கெஸ்டின் பிரச்சினை என்று எப்படிச் சொல்ல மனது வருகிறது?

நான் முன்பே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் வாங்கியது ஹார்ட் டிஸ்க் திட்டம். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் வட்டு நொடிக்கு 120 தடவைதான் சுற்றும். சிறு பதிவு ஒன்றை எழுதி, அது தட்டில் பதிந்ததா என்று பார்த்து, அடுத்ததை எழுதுவதென்றால் அந்த 120-ஐ ஒட்டித்தான் எண் வரும். போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் எஃப்-சிங்க் சோதனை நிரலை ஆரம்பத்தில் ஓட்டியபோது நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. பேட்டரி வைத்த ரெய்டு கார்டு (வட்டுகளை நிர்வகிக்கும் அட்டை) இருந்தால் அந்த எண் நியாயமானது. மின்சாரம் போனாலும் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி முன்னால் இருந்தாலும் நியாயம்தான். ஃபிளஷை விழுங்கினாலும் அதே எண்தான் வரும். கெஸ்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: உங்கள் ஃபிளஷ் வட்டு வரைக்கும் போகிறதா?

இதே எஃப்-சிங்க் விஷயத்தில் மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். எழுதுவதில் ஒருமுறை பிழை வந்தால், லினக்ஸ் கர்னல் வட்டில் எழுதாத நினைவகப் பக்கங்களையும் எழுதியதாகக் குறித்துவிடும், அடுத்த எஃப்-சிங்க் வெற்றி என்று திரும்பும் என்பது 2018-ல் பெரிய விவாதமானது. போஸ்ட்கிரெஸ்காரர்கள் ஏறக்குறைய இருபது வருடமாகத் தாங்கள் தவறாக நம்பியிருந்ததை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார்கள். கர்னல்காரர்களும் அதே சபையில் வாதாடினார்கள். 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, எஃப்-சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் மறுபடி முயன்று பார்ப்பதில்லை, உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டிலிருந்து மீள்கிறது. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்களும் அவர்களில் உண்டு. நாங்கள் உங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

கேட்கத் தொடங்கினால் நிறைய இருக்கிறது. 99.9 சதவீத அப்டைம் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம். எழுதியது நிற்குமா என்பதற்கு ஒரு வரி கிடையாது. ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேரத்து நகல்) என்று தனியாகக் காசு வாங்கினீர்கள். கெஸ்டுக்குள் ஏஜென்ட் என்கிற சிறு உதவி நிரலை வைத்து, கோப்பமைப்பை ஒரு நொடி உறையவைத்து எடுக்க வழி இருந்தும் அதைச் செய்யவில்லை. ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துபோன சென்டோஸ் 7 லினக்ஸை இன்னும் டெம்ப்ளேட் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். அதன் கர்னல் 3.10, 2013-ல் வந்தது. கெஸ்டின் பிரச்சினை என்று சொல்கிறவர்கள், அந்த கெஸ்டைக் கொடுத்தது யார் என்றும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. பதிவேட்டை உடனுக்குடன் வேறு இடத்துக்கு நகலெடுக்காமல் இருந்தது என் தவறு. இப்போது எடுக்கிறோம். அந்த இன்னொரு இடமும் உங்களில் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்ததுதான். அங்கே ஃபிளஷ் என்ன ஆகிறது என்பதும் எனக்குத் தெரியாது.

அதனால் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் விற்கும் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கெஸ்ட் அனுப்பும் ஃபிளஷ் மின்சாரம் போனாலும் அழியாத இடம் வரைக்கும் போகிறது, அல்லது போகவில்லை. வேகம் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு அன்சேஃப் திட்டத்தைத் தாராளமாகக் கொடுங்கள், பெயரைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் யாருக்கும் வைக்காதீர்கள். இப்போது அப்படி வைத்திருந்தால் இன்றே மாற்றிவிட்டு, அந்தக் கணினிகளில் இருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்கிறோம். சீட்டு இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அந்த அம்மாவின் கணக்கில் அந்தக் காலைக்கு நேராக இன்னும் 4.1 என்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பால் சங்கத்தின் கணினியைப் பார்த்துக்கொள்கிறவன்