பார்த்தவர் பெயரும் பதிவாகும் ஊர்

தாலின், எஸ்தோனியா
டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவிடம் தினமும் பேசிவிடுகிறேன். உங்களிடம் பேச ஆரம்பித்தால் "குளிர் எப்படி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். கம்ப்யூட்டரே புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டதே, உன் வேலை நிலைக்குமா என்பது ஒன்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்ட நாட்டில் உன்னைப் பற்றிய விவரமெல்லாம் யார் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விதான் பெரியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே வசிக்கும் எல்லோருக்கும் சிப் வைத்த அடையாள அட்டை உண்டு. 2002 முதல் கொடுத்துவருகிறார்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு ரகசிய எண்கள். நான்கு இலக்க எண் "நான்தான்" என்று சொல்வதற்கு. ஐந்து இலக்க எண் கையெழுத்துப் போடுவதற்கு. அப்படிப் போடும் கையெழுத்தும் பேனாவால் போடுவதும் சட்டப்படி ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் நான் கையெழுத்துப் போட்டது மேசையில் உட்கார்ந்தபடியே. வருமான வரிப் படிவத்தில் என் விவரங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் போதும்.

எனக்குக் காய்ச்சல் வந்ததாக அம்மா சொல்லியிருப்பார். அன்றைக்கு மருத்துவரிடம் போனில்தான் பேசினேன். அவர் மருந்துச் சீட்டைக் கம்ப்யூட்டரில் எழுதினார். தெருமுனை மருந்துக் கடைக்குப் போய் அட்டையை நீட்டினேன், மருந்து வந்தது. காகிதமே இல்லை. 2010 முதல் நாடு முழுக்க இப்படித்தான். இது வசதி, அவ்வளவுதான். இதற்காக நான் பெரிதாக வியக்கவில்லை. உடம்பு தேறியபின் அரசின் சுகாதார இணையதளத்துக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பக்கத்தில், என் மருத்துவப் பதிவை யார் திறந்தார், எந்த நாளில் திறந்தார் என்ற பட்டியல் இருந்தது. அந்த மருத்துவரின் பெயர் அதில் இருந்தது. மற்ற அரசு அலுவலகங்கள் என் விவரங்களை எடுத்துப் பார்த்தாலும் அதைக் காட்ட இன்னொரு பக்கம் உண்டு. எனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்திருந்தால், ஏன் பார்த்தீர்கள் என்று நான் கேட்கலாம். தரவுப் பாதுகாப்புக்கென்று தனி அலுவலகம் இருக்கிறது; அதனிடம் புகாரும் கொடுக்கலாம். வேலைக் காரணம் எதுவும் இல்லாமல் பிறர் பதிவைத் திறந்து பார்த்த அதிகாரிகள் தண்டிக்கப்பட்டும் இருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் அலுவலகத்தில் நீங்கள் எழுதிவந்த தன்பதிவேடுதான் நினைவுக்கு வந்தது அப்பா. எந்தத் தபால் எந்தத் தேதியில் வந்தது, யார் மேசைக்குப் போனது, என்ன நடவடிக்கை, எப்போது முடிவு என்று கட்டம் கட்டமாக எழுதி வைப்பீர்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் பதிவு போடாமல் ஒரு கோப்பை நகர விட மாட்டீர்கள். "கோப்பு தொலையலாம், அது யாரிடம் இருந்தது என்பது தொலையக் கூடாது" என்று ராமன் மாமாவிடம் நீங்கள் சொன்னதைச் சிறுமியாகக் கேட்டிருக்கிறேன். இங்கே அதையேதான் செய்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், பதிவேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை கோப்புக்குச் சொந்தக்காரரான குடிமகனுக்கும் இருக்கிறது.

விவரமெல்லாம் யார் கையில் என்று கேட்டீர்களே, அதற்கு நேரடிப் பதில்: ஒருவர் கையிலும் மொத்தமாக இல்லை. முகவரி மக்கள்தொகைப் பதிவேட்டில் இருக்கிறது, வருமானம் வரித்துறையில், வண்டி விவரம் போக்குவரத்துத் துறையில். ஓர் அலுவலகத்துக்கு இன்னோர் அலுவலகத்திடமிருந்து ஏதாவது வேண்டுமென்றால் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு வழியாகக் கேட்டுப் பெற வேண்டும். 2001-இல் தொடங்கியது. கேள்வி, பதில் இரண்டுமே பூட்டப்பட்டு, கையெழுத்தாகி, நேரம் குறிக்கப்பட்டுப் போகும். அரசிடம் ஒருமுறை சொன்னதை மறுபடி என்னிடம் கேட்கக் கூடாது என்பது கொள்கை. வீடு மாறியபோது முகவரியை ஓரிடத்தில்தான் மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே பெரிய கிடங்கில் கொட்டி வைப்பதுதான் திறமை என்று நினைக்கும் புரோகிராமர்கள் நிறையப் பேர் உண்டு. அந்தக் கிடங்கின் சாவி ஒரு கெட்டவனிடம் போனால் என்ன ஆகும் என்று முதலிலேயே யோசித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 1991 வரை சோவியத் ஆட்சியில் இருந்தவர்கள். ஆட்சி தங்களைக் கண்காணிப்பது எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தப்பே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2017-இல் பெரிய சிக்கலே வந்தது. அட்டையின் சிப், பூட்டுக்கான எண்களை உருவாக்கும் முறையில் ஒரு குறை இருப்பதைச் செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நான் முன்பு சொன்ன இரண்டு ரகசிய எண்கள் இல்லை இவை; சிப்புக்குள்ளேயே இருப்பவை. இந்த எண்களை யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக்க வேண்டும். அந்தச் சிப்பில் அவை ஒரு குறிப்பிட்ட அமைப்பிலேயே வந்துகொண்டிருந்தன. பணமும் பெரிய கம்ப்யூட்டர்களும் இருந்தால் உடைத்துவிடலாம். ஏழரை லட்சம் அட்டைகள் அதில் மாட்டின. மொத்த மக்கள்தொகையே சுமார் பதின்மூன்று லட்சம்தான். அந்த அக்டோபரிலேயே உள்ளாட்சித் தேர்தல், அதிலும் இணைய வாக்குப்பதிவு உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் செப்டம்பர் மாதம் அரசே முன்வந்து, குறை இருக்கிறது என்று மக்களிடம் அறிவித்தது. நவம்பரில், அந்த அட்டைகள் இணையத்தில் செல்லுபடியாக உதவும் பழைய மின்னணுச் சான்றுகளை நிறுத்திவைத்தது. மக்கள் வீட்டிலிருந்தும் அலுவலகங்களுக்குப் போயும் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

எங்கள் தொழிலில் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த அறிவிப்பைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குறை இல்லாத புரோகிராமை யாராலும் எழுத முடியாது. குறை தெரிந்த அன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நம்பிக்கை வளர்வதும் போவதும். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் இணையத்தில் விழுந்தவை. மறைத்திருந்தால் அவ்வளவு பேர் இந்த முறையை நம்பியிருப்பார்களா?

வாக்கு என்றதும் இன்னொன்று. இணையத்தில் போட்ட வாக்கை, கெடு முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். கடைசி வாக்குதான் கணக்கு. நேரில் போய் வாக்குச்சீட்டில் போட்டால் இணைய வாக்கு செல்லாது. ஏன் இப்படி என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. யாராவது பக்கத்தில் நின்று மிரட்டிப் போட வைத்தால், அவர் போனபின் தன் விருப்பப்படி மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக. மிரட்டுகிறவனுக்கு அந்த மிரட்டலால் லாபமில்லை. வீட்டுக்குள் பயந்து வாழும் ஒரு பெண்ணை மனதில் வைத்து யோசித்தால்தான் இப்படி வடிவமைக்கத் தோன்றும். அந்த யோசனையைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இனி என் வேலை. எங்கள் குழுவில் எல்லோரும் ஏஐ உதவியோடுதான் எழுதுகிறோம். முன்பு ஒரு நாள் பிடித்த வேலை இப்போது அரை மணியில் முடிகிறது, அது உண்மை. ஆனால் அது எழுதியதைப் படிப்பது தனி வேலையாகிவிட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன், கணக்கு என்பதால் உங்களுக்குப் பிடிக்கும்.

இங்கே ஒவ்வொருவருக்கும் பதினோரு இலக்க அடையாள எண். முதல் இலக்கம் ஆணா பெண்ணா, எந்த நூற்றாண்டு என்று சொல்லும். அடுத்த ஆறு பிறந்த தேதி, அப்புறம் மூன்று வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. முதல் பத்து இலக்கங்களையும் 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டி (பத்தாவதற்கு மட்டும் மறுபடி 1) பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி பத்து என்று வந்தால் ஓர் இலக்கத்தில் அடங்காது. அப்போது 3, 4, 5 என்று தொடங்கி இன்னொரு முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். ஏஐ எழுதித் தந்த புரோகிராமில் முதல் கணக்கு அழகாக இருந்தது. மீதி பத்து வந்தால் இரண்டாம் கணக்குக்குப் போகாமல் பூஜ்யம் என்று முடித்துவிட்டிருந்தது. சோதனைக்கு வைத்திருந்த எண்கள் எல்லாம் தேறின, ஏனென்றால் அவற்றில் எதற்கும் இரண்டாம் கணக்கு தேவைப்படவில்லை. நிஜத்தில் ஏறத்தாழ பதினோரு பேரில் ஒருவருக்கு அது தேவைப்படும். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் "உங்கள் எண் தவறு" என்று திரை சொல்லியிருக்கும். தன் பிறப்பிலிருந்து கூடவே இருக்கும் எண்ணைத் தவறு என்று ஒரு பெட்டி சொன்னால் அந்த மனிதர் யாரிடம் போய் வாதாடுவார்?

படிக்கும்போது கண்ணில் பட்டது, திருத்தினோம். இதைச் சொல்வது ஏஐ மோசம் என்பதற்காக இல்லை. களைத்துப்போன மனிதனும் இப்படி எழுதுவான். ஆனால் எழுதியது யாராக இருந்தாலும், "இதை நான் பார்த்தேன், சரி" என்று அனுப்பும் இடத்தில் என் பெயர் பதிவாகிறது. நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். அந்தப் பெயர் அங்கே தேவைப்படும்வரை எனக்கு வேலை இருக்கும் என்று நம்புகிறேன் அப்பா. எனக்குக் கவலை தருவது வேறு. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்துத்தான் நாங்கள் பழக்குவோம். அந்தச் சின்ன வேலைகள் எல்லாம் இப்போது ஏஐயிடம் போய்விட்டன. எழுதிப் பழகாதவருக்குத் தப்பைப் படித்துக் கண்டுபிடிக்கும் கண் எங்கிருந்து வரும்? எங்கள் மேலாளரிடம் இதைச் சொன்னேன். வாரத்தில் ஒரு மதியம் இளையவர்களோடு உட்கார்ந்து ஏஐ இல்லாமல் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அலுவலகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய ரயில் பெட்டித் தொழிற்சாலை இருந்த வளாகத்தில். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வேலை, ஆண்டுக்கு 28 நாள் விடுப்பு. விடுப்பில் இருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை. வேலையில் சேர்ந்து சில மாதமே ஆன பையன் கூட்டத்தில் மேலாளரிடம் "இது தப்பு" என்பான். அவரும் "சரி, பார்க்கிறேன்" என்பார். அதோடு முடிந்தது. பேச்சு குறைவு இவர்களுக்கு. முதலில் என்மேல் கோபமோ என்று பயந்தேன், இல்லை.

வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதில் ஓர் இழப்பும் இருக்கிறது. யாரோடும் பேசாமலே ஒரு வாரத்தை ஓட்டிவிட முடிகிறது. டிசம்பரில் காலை ஒன்பதுக்கு மேல்தான் விடியும், மூன்றரைக்குள் இருட்டிவிடும். இருட்டில் நடப்பவர்கள் கோட்டில் ஒளி பிரதிபலிக்கும் வில்லை மாட்டிக்கொள்வது இங்கே சட்டம். அம்மா பின்னித்தந்த சால்வையிலும் ஒன்று தொங்குகிறது. மாலையில் நூலகத்துக்குப் போய் எஸ்தோனிய மொழி பேசிப் பழகுகிறேன். ஜூலையில் ஒரு தோழி பாட்டுத் திருவிழாவுக்கு அழைத்துப் போனாள். 1869 முதல் நடத்துகிறார்கள். பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். அன்றைக்கு இவர்களை வாய் பேசாதவர்கள் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். அவருடைய இரண்டு ரகசிய எண்களும் சமையலறையில் ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கின்றன. பேரன் வந்துதான் எல்லாம் செய்து தருவான். அவன் நல்ல பையன். ஆனால் ஏமாற்றுக்காரர்கள் போனில் அழைத்து, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று நம்பவைத்து இந்த எண்களை அழுத்த வைப்பது இங்கேயும் நடக்கிறது. எவ்வளவு உறுதியான பூட்டு செய்தாலும் அந்தத் துண்டுக் காகிதத்தை எங்களால் பாதுகாக்க முடியவில்லை. வயதானவர்களுக்காக இந்தத் துறை இன்னும் ஒழுங்காக யோசிக்கவில்லை என்பதே என் எண்ணம். நீங்களும் கவனமாக இருங்கள். வங்கி என்று சொல்லி யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

ஜூனில் நீங்கள் இருவரும் இங்கே வர வேண்டும். அப்போது இரவு பத்தரைக்கு மேல்தான் சூரியன் மறையும்; நீங்கள் விரும்புகிற அளவு நடக்கலாம். விசாவுக்கு, ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். உங்களுடையது எப்போது முடிகிறது என்று பீரோவில் பார்த்து, இரண்டு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்துத் தம்பியிடம் கொடுங்கள், அவன் அனுப்புவான். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகள்