கல்யாணிக்கு, ஔலுவிலிருந்து

அன்புள்ள கல்யாணி,

திட்டு. முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு படி. உன் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வந்தன, அந்தக் கற்பூரவள்ளிக் கஷாயம் உட்பட. எதற்கும் பதில் போடவில்லை. உனக்கு எழுதுவதென்றால் நாலு பக்கமாவது எழுத வேண்டும், அதற்கு மனசு கூடவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி.

ஒன்று கேட்கணும். பிள்ளைகளுக்கு நீ இன்னும் ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் பாடம் நடத்துகிறாயா? தாடிக்கு வரி போட்டார், சதுப்பு நிலத்தில் நகரம் எழுப்பினார், ஐரோப்பாவைப் பார்த்து ஜன்னல் திறந்தார். ஐந்து மதிப்பெண். ஞானம் டீச்சர் அடித்துச் சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே யார் குடியிருந்தார்கள் என்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் இப்போது குடியிருப்பது அந்த இடத்தில்தான், ஃபின்லாந்தில்.

ஃபின்லாந்து அப்போது ஸ்வீடன் ராஜ்ஜியத்தின் ஒரு பகுதி. 1695 முதல் 1697 வரை வந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு சனம் போய்விட்டது. மிஞ்சிய பையன்களை ராஜா பன்னிரண்டாம் கார்ல் படைக்கு வாரிக்கொண்டு போனார். 1709இல் உக்ரைனின் பொல்டாவாவில் பீட்டரிடம் தோற்ற அந்த மகராசன், துருக்கி சுல்தானின் தயவில் ஐந்து வருஷம் உட்கார்ந்துகொண்டார். இங்கே நாதியில்லை. 1713 மே மாதம் பீட்டரின் துடுப்புக் கப்பல்கள் ஹெல்சின்கிக்கு வந்தபோது காவலுக்கு இருந்த ஸ்வீடன் படை செய்த காரியம், ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் பின்வாங்கியது. மறு வருஷம் பிப்ரவரியில் நாப்புவே என்ற இடத்தில் கடைசியாக ஒரு சண்டை. அக்கம்பக்கத்துக் குடியானவர்களும் சேர்ந்து நின்றார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அங்கேயே விழுந்தார்கள். (நாப்புவே இருக்கும் இசோக்யூரோ ஊரில் இப்போது ஜின் காய்ச்சுகிறார்கள். போரின் பெயரையே வைத்து விற்றார்கள். உன் வீட்டுக்காரரிடம் சொல்லு, அவருக்கும் சரித்திரத்தில் ஆர்வம் வரும்.)

அதன்பிறகு 1721 வரை முழு நாடும் ரஷ்யப் படையின் கையில். 'இசோவிஹா' என்பார்கள் இங்கே, பெருஞ்சினக் காலம். வடக்கு வழியாக ஸ்வீடன் படை திரும்பி வந்துவிடக் கூடாதென்று எங்கள் பொத்னியா வளைகுடாக் கரையைச் சுடுகாடாக்கச் சொல்லி பீட்டரே உத்தரவு போட்டாராம். ஔலுவுக்கு எதிரே ஹைலுஓட்டோ என்று ஒரு தீவு. அக்கரையிலிருந்து தப்பிப் போனவர்களும் அங்கே ஒளிந்திருந்தார்கள். 1714 செப்டம்பர் 29 அன்று ரஷ்யப் படையின் குதிரை வீரர்களான கோசாக்குகள் வந்து சுமார் 800 பேரைக் கோடாலியால் வெட்டிப் போட்டார்கள். போன கோடையில் நாங்கள் அங்கே போய் வறுத்த மீன் தின்று, மணலில் படுத்துவிட்டு வந்தோம். ஒன்றும் தெரியாமல்.

பிடித்துக்கொண்டு போனவர்களின் கணக்கு வேறு. 20,000 முதல் 30,000 வரை என்கிறவர்கள் உண்டு. நாட்டின் மொத்த சனமே நாலு லட்சத்துக்குள்தான். பெண்களும் குழந்தைகளும் அதிகம். சிலர் பீட்டரின் புது நகரத்தில் மண் சுமந்தார்கள், சிலர் பிரபுக்களின் பண்ணையில் அடிமை, சிலரைக் கைமாற்றி எங்கெங்கோ விற்றார்கள். ஐந்து மதிப்பெண் விடையில் இதற்கு ஒரு வரி சேர்த்துக்கொடு, ப்ளீஸ்.

ஆனால் எனக்குக் கோபம் கோசாக்குகள்மேல் மட்டும் இல்லை. முதலில் ஓடியது யார் தெரியுமா? அதிகாரிகள், பாதிரியார்கள், பெரிய வியாபாரிகள், துர்கு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். படகு வைத்திருந்தவர்கள் எல்லாம் வளைகுடாவைத் தாண்டி ஸ்வீடன் போய்விட்டார்கள். பல்கலைக்கழகம் 1722இல்தான் திரும்பத் திறந்தது. குடியானவன் மாட்டையும் வயலையும் எங்கே தூக்கிக்கொண்டு போவான்? காட்டுக்குள் குடிசை போட்டு ஒளிந்தான். சாம்பலில் வரி முளைக்காது என்று ரஷ்யர்களுக்கும் போகப் போகப் புரிந்திருக்க வேண்டும். 1717இல் டக்ளஸ் என்று ஒரு பிரபுவை ஆளுநராக உட்கார்த்தினார்கள். அவரும் ஸ்வீடன் ஆள்தான், பொல்டாவாவில் பிடிபட்டுக் கட்சி மாறியவர்! தானியம், வைக்கோல், வண்டி என்று பகலில் அவர்களுக்கு அளக்கணும். காட்டில் திரிந்த ஸ்வீடன் பக்கத்து ஆட்கள் இரவில் வந்து கேட்டால் அவர்களுக்கும் போடணும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. 1721இல் ஊசிகௌபுங்கியில் சமாதானம் ஆனது. வீபோரி நகரத்தையும் கரேலியாவில் ஒரு பகுதியையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை பீட்டர் திருப்பிக் கொடுத்தார். ஓடினவர்கள் திரும்பி வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் கிளப்பியது என் அலுவலகத்தில் ஒருவர். வம்சாவளி தேடுகிற பைத்தியம் அவருக்கு. 1720களுக்கு முன்னால் போக முடியவில்லையாம், சர்ச் பதிவேடு அந்தக் காலத்தில் தொலைந்துவிட்டது. "இசோவிஹா" என்று சொல்லிவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

ஏன் என்று கேட்கிறாயா? முகிலனுக்கு ராணுவ அழைப்பு வந்திருக்கிறதுடி. குடியுரிமை கிடைத்த அன்று கேசரி கிண்டி அடுக்ககம் முழுக்கக் கொடுத்தேனே, இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பதினெட்டு வயதாகும் எல்லாப் பையன்களுக்கும் உண்டு. 165 நாள், இல்லாவிட்டால் 255, 347. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை, அதன் கடவுகளை 2023 கடைசியில் மூடிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் சீட் வாங்கி ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று இவரிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அதே மேசையில் தினமும் நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த பயல் சொல்கிறான்: "படகு இருக்கிறவங்க போயிடலாம், அதானேம்மா?"

எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இவர் சிரிக்கிறார். அடிக்கலாம் போல இருந்தது.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்? டீச்சராக இல்லாமல், கார்த்திக்கின் அம்மாவாகச் சொல்லு. ராணுவம் வேண்டாமென்றால் ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் 347 நாள் வேலை செய்யலாம், அதையும் சொல்லிப் பார்த்தேன். நண்பர்கள் எல்லோரும் போகிறார்களாம், சாப்பாடு நன்றாக இருக்குமாம். அவன் கவலை அது.

அம்மாவிடம் மட்டும் இப்போதைக்கு வாயைத் திறக்காதே. அவள் உன்னிடம்தான் முதலில் வந்து துருவுவாள். ஏதோ காலேஜ் முகாம் என்று சொல்லிவை.

உன்
செல்வி